பில்லுண்டிலிருந்து அப்பாவுக்கு

பில்லுண்ட், டென்மார்க்
ஜனவரி 6

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம். நலமறிய ஆவல். மார்கழி பிறந்ததும் நீங்கள் போட்ட கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்து சேர்ந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா, வேலை எப்படி, பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இங்குள்ள கறுப்பு ரொட்டி புளிப்பாக இருந்தாலும் இரண்டு துண்டில் வயிறு நிறைந்துவிடும். சாத்தூர் சித்தி கொடுத்த பருப்புப்பொடியை ஞாயிற்றுக்கிழமைக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் இது வழக்கந்தானாம். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவதால் உடம்புக்கு நல்ல ஓய்வு என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அதற்குமேல் நான் போகிற இடம் கீழ்வீட்டுப் பெரியவரின் அடுப்படி ஒன்றுதான். பால் பண்ணையில் இயந்திரங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் கோப்பைக் காப்பி காலியாகும் வரை வாய் திறக்க மாட்டார். சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமே கிடையாது. குடை ராட்டினம், ராட்சத ராட்டினம், பாதியில் நிற்கும் ரோலர் கோஸ்டர் எல்லாம் ஒன்றோடொன்று பொருத்தும் லெகோ பிளாஸ்டிக் கட்டைகளால் ஆனவை, எல்லாம் ஓடுபவை. அவர் அடுப்புத் திட்டின் ஓரத்தில் நின்றபடியே சாப்பிடுகிறார்.

லெகோ பிறந்த இந்த ஊருக்கு அது பொருத்தந்தான். ஏழாயிரம் பேர் கொண்ட இந்தச் சிற்றூரில்தான் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். இப்போதுள்ள லெகோ கட்டையின் வடிவம் 1958-ல் வந்தது. அந்த ஆண்டுக் கட்டை இன்று வாங்கும் கட்டையோடு பிசகாமல் பொருந்தும் என்றால் அச்சு எவ்வளவு துல்லியம் என்று உங்களுக்கே புரியும். 1968-ல் திறந்த லெகோ நிறுவனத்தின் கேளிக்கைப் பூங்காவும் இங்கேதான் இருக்கிறது. குளிர்காலத்தில் அதைப் பூட்டிவிடுவார்கள். இப்போது ஊரில் சுற்றுகிற ராட்டினம் எங்கள் பெரியவர் வீட்டில் இருப்பதுதான்.

பட்டறைக்காரரான உங்களுக்கு அதன் உள்வேலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதன் பல்சக்கரங்கள் எல்லாம் மாட்யூல் 1, அதாவது எத்தனை பல்லோ அத்தனை மில்லிமீட்டர் விட்டம். சட்டத்தில் துளைக்குத் துளை 8 மில்லிமீட்டர். 8 பல் சக்கரத்தையும் 24 பல் சக்கரத்தையும் கோத்தால் மையத்துக்கு மையம் சரியாக 16 மில்லிமீட்டர், அதாவது இரண்டு துளை. 8 பல்லோடு 40 பல்லைக் கோத்தால் மூன்று துளை. ஒரு சிறுவன் கண்ணை மூடிக்கொண்டு கோத்தாலும் பல் சரியாகக் கடிக்கும்படி யோசித்திருக்கிறார்கள். நாம் சிவகாசி அச்சு இயந்திரத்துக்குச் சக்கரம் வெட்டியபோது, மையதூரம் ஒத்துவரவில்லை என்று இரவெல்லாம் வெர்னியர் அளவுகோலோடு உட்கார்ந்திருந்தீர்களே, அது நினைவுக்கு வந்தது.

அவருடைய சின்ன மோட்டார் சுமையில்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 400 சுற்று. ராட்டினம் அந்த வேகத்தில் சுற்றினால் பொம்மை மனிதர்கள் சுவரில்தான் போய் ஒட்டுவார்கள். அதனால் முதலில் சுற்றுக்கு ஒரு பல் மட்டும் நகர்த்துகிற திருகுபோன்ற வார்ம், அதன்மேல் 24 பல் சக்கரம். அதிலிருந்து 8 பல், மறுபடியும் 24 பல். மொத்தம் எழுபத்திரண்டுக்கு ஒன்று. நிமிடத்துக்கு ஐந்து சுற்றில் ராட்டினம் அழகாக நகர்கிறது. வார்ம் போட்டதில் இன்னொரு நன்மையும் உண்டு. மோட்டாரை நிறுத்தினால் ராட்டினம் அங்கேயே நிற்கிறது. பாரம் ஒரு பக்கம் கூடினாலும் தானாகத் திரும்பி ஓடுவதில்லை.

தொட்டில்கள்தான் எங்களை அலைக்கழித்தன. இதில் துளைகளை இணைக்க இரண்டு வகை ஊசிகள் உண்டு. கறுப்பு ஊசி துளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், சாம்பல் நிற ஊசி தளர்வாகச் சுழலும். தொட்டிலைத் தொங்கவிட்ட இடத்தில் ஒரே ஒரு கறுப்பு ஊசி கலந்துவிட்டது. உச்சிக்கு ஏறும்போது அந்தத் தொட்டில் மட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சாய்ந்து, உள்ளே இருந்த போலீஸ்காரரைக் கீழே கொட்டியது. ஊசியை மாற்றி, தொட்டிலின் அடியில் ஒரு தட்டைக் கட்டையைக் கூடுதலாக ஒட்டினோம். தொங்கும் புள்ளிக்குக் கீழே கனம் இருந்தால்தானே நிமிர்ந்து நிற்கும்.

பொம்மைகளை ஏற்றும்போது பெரியவர் ஒரு தொட்டிலை நிரப்பிவிட்டு, நேர் எதிர்த் தொட்டிலைக் கீழே இறக்கி அதை நிரப்பினார். பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ராட்டினக்காரர் நம்மைப் பிரித்து, அம்மாவையும் என்னையும் ஒரு தொட்டிலிலும் உங்களையும் சின்னக்காவையும் எதிர்த் தொட்டிலிலும் ஏற்றியது இதற்காகத்தானே அப்பா? நாங்கள் உச்சியில் இருக்கும்போது நீங்கள் தரையில் இருந்தீர்கள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் சட்டைக் காலரைப் பிடித்து மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். இதைப் பெரியவரிடம் சொல்லத் தொடங்கினேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் என்ன என்று கேட்கவில்லை. இன்னொரு கோப்பைக் காப்பியை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

ரோலர் கோஸ்டருக்கு இன்னும் வேலை இருக்கிறது. வட்டமான வளையத்தை வண்டி கீழே விழாமல் கடக்க, உராய்வே இல்லாவிட்டாலும் வளையத்தின் ஆரத்தைப் போல் இரண்டரை மடங்கு உயரத்திலிருந்து அதை விடவேண்டும். பிளாஸ்டிக் சக்கரத்தின் உராய்வையும் சேர்த்தால் அதற்கும் மேலே போகவேண்டும். அவருடைய அடுப்படிக் கூரை அதற்கு இடங்கொடுக்காது என்பது என் கணக்கு, அவர் ஒப்புக்கொள்வதில்லை. அது முடிந்ததும் கோபன்ஹேகன் டிவோலி பூங்காவின் மரக் கோஸ்டரைக் கட்டப்போகிறாராம். 1914-ல் கட்டிய அதில் இன்றைக்கும் ஒவ்வொரு வண்டியிலும் ஓர் ஆள் உட்கார்ந்து கையால் பிரேக் போடுகிறார். ஒரு பொம்மையை ஓட்டுநராக உட்கார வைக்கலாம், பிரேக்கை எப்படிப் பிடிக்க வைப்பது என்று அவர் கேட்கிறார். உங்களுக்கு வழி தோன்றினால் எழுதுங்கள்.

மருமகன் கேட்ட பெட்டி 2022-ல் வந்த வளையக் கோஸ்டர், 3,756 துண்டுகள். தபாலில் அனுப்பினால் சுங்கவரி அதிகம், நானே கொண்டுவருகிறேன் என்று அவனிடம் சொல்லிவையுங்கள். ஆனால் இந்தப் பங்குனிக்கு வர இயலாது. விடுமுறை அமையவில்லை, டிக்கெட் விலையும் குறையட்டும். இந்த மாதப் பணமும் வழக்கமான தேதிக்குப் பத்து நாள் பிந்தி வரும். வேறொன்றுமில்லை, சம்பளத் தேதியை மாற்றியிருக்கிறார்கள்.

மில்லிங் மெஷினை சிவகாசி மாமாவுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சின்னக்காவின் வளைகாப்புச் செலவுக்கென்றால் மெஷினைக் கொடுங்கள். பல் வெட்டச் சுற்றைச் சமமாகப் பிரிக்கிற டிவைடிங் ஹெட்டை மட்டும் கொடுக்க வேண்டாம். அதன் துளைத் தகடுகளும் மர அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன, மச்சான் தெரியாமல் இரும்போடு சேர்த்துப் போட்டுவிடப் போகிறார். மாமா பாதிப் பணம் இப்போது, மீதி ஆடிக்குப் பிறகு என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள். போனமுறை தறியின் கதை உங்களுக்குத் தெரியும். பெரியக்காவிடம் அடகுச் சீட்டைக் கேட்டு வாங்கி, வட்டி கட்டவேண்டிய தேதியைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். மூட்டுவலிக்குக் கொடுத்த எண்ணெயை அம்மா தேய்க்கிறாரா என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்