செங்டுவிலிருந்து தங்கைக்கு

செங்டு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். சித்த மருத்துவப் படிப்பில் ஹவுஸ் சர்ஜன் முடித்த கையோடு சீன மருத்துவத்தில் முதுகலைக்கு வரலாமா என்று கேட்டிருந்தாய். அப்பாவுக்கும் இதை வாசித்துக் காட்டு. செலவைத்தான் அவர் முதலில் கேட்பார் என்பதால் அதையே முதலில் எழுதுகிறேன்.

சீன அரசின் உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணம் இல்லை, விடுதி உண்டு, முதுகலைக்கு மாதம் 3,000 யுவான் கையில் வரும். சிக்கனமாக இருந்தால் போதும். வயது 35-க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் வருடத் தொடக்கத்தில் போகும். பட்டச் சான்று, எல்லா வருட மதிப்பெண் பட்டியல், பேராசிரியர் இருவரின் பரிந்துரைக் கடிதம், படிப்புத் திட்டம், போலீஸ் சான்று, உடல் பரிசோதனைப் படிவம் எல்லாம் வேண்டும். படிவத்தில் ஒட்டிய புகைப்படத்தின் மேல் பாதியும் தாளில் பாதியுமாக ஆஸ்பத்திரி முத்திரை விழ வேண்டும், இல்லையென்றால் செல்லாது. அந்தப் பரிசோதனை ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் அவசரப்பட்டு முன்கூட்டியே எடுக்காதே. நம் ஊர்ப் பிள்ளைகள் சிக்குவது இனிஷியலில். பட்டத்தில் ஓரெழுத்தாக நிற்கும் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் முழுப்பெயராக விரிந்திருக்கும். இரண்டும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி ஒன்றை இப்போதே வாங்கி வை.

மருந்தை விட மொழிதான் இங்கே வாசற்படி. சீன மொழியில் நடக்கும் வகுப்புக்கு எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வில் நான்கு அல்லது ஐந்தாம் நிலை கேட்பார்கள். ஐந்தில் 300-க்கு 180 எடுத்தால் பொதுவாகத் தேர்ச்சியாக எடுத்துக்கொள்வார்கள். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். இல்லாதவர்களுக்கு ஒரு வருட மொழி வகுப்பு உண்டு. ஆனால் அதில் படிக்கும் சீனம் வேறு, ஏடுகளின் சீனம் வேறு. கி.பி. 200-ஐ ஒட்டி மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய 'ஷாங் ஹான் லுன்' என்ற மூலநூலில் 398 பத்திகள். ஒரு பத்தி இந்தக் கஷாயமே 'ஆளும்' என்று முடியும். இன்னொன்று இந்தக் கஷாயம் 'தகும்' என்று முடியும். முதலாவது உறுதியான தீர்ப்பு, இரண்டாவது நோயாளியைப் பார்த்து முடிவெடு என்பது. அந்த ஒரு சொல்லைத் தவறவிட்டால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வாய். வெளிநோயாளிப் பிரிவில் மூன்றாவது சீனம் ஒன்று இருக்கிறது. தலைவலியைப் புத்தகம் 'தோவ் தோங்' என்கும். செங்டு இருக்கும் சிசுவான் மாகாணத்துப் பாட்டிகள் 'நாவ்கோ' வலிக்கிறது என்பார்கள்.

அளவுகளில் உனக்குக் கஷ்டம் இராது என்று நினைக்காதே. பலம் 35 கிராம், வராகனெடை 4.2 கிராம் என்று நாம் மனப்பாடம் செய்தது போல இங்கே லியாங் என்ற பழைய எடை. ஹான் காலத்து லியாங் ஏறக்குறைய 15 கிராம். பாடப்புத்தகமோ அதை 3 கிராமாகக் கொள்கிறது. அதனால் அந்த மூலநூலில் வரும் குய்ச்சிக் கஷாயத்தில் மூன்று லியாங் சீன இலவங்க இளங்குச்சி 9 கிராம் ஆகிவிடுகிறது. கூடவே வெண்பியோனி வேர் 9, இஞ்சி 9, தேனில் வறுத்த அதிமதுரம் 6, செவ்விலந்தை மூன்று. எது சரி என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. தேர்வில் புத்தக அளவை எழுது.

அந்தக் கஷாயத்தைக் குடித்த சற்று நேரத்தில் சூடான நீர்க்கஞ்சி குடித்து, போர்த்திப் படுத்து, உடம்பெங்கும் லேசாக வேர்க்கவிட வேண்டும். ஆறாக வேர்த்தால் நோய் போகாது என்று மூலமே எச்சரிக்கிறது. முதல் வேளையிலேயே வேர்த்துக் குணமானால் மிச்சத்தைக் குடிக்கக் கூடாது. பச்சையானது, குளிர்ந்தது, இறைச்சி, மது எல்லாம் விலக்கு. பத்தியம் என்றால் என்ன என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சித்தம் கை கொடுப்பது மருந்தறையில். ஃபூட்சி என்பது நம் நாபி என்னும் நச்சுக் கிழங்கின் இனம். செங்டுவுக்கு வடக்கே ஜியாங்யோவில் விளைவதற்குத்தான் மதிப்பு. பக்குவம் செய்த கிழங்கையும் மற்ற சரக்குகளுக்கு முன்னால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் தனியே கொதிக்கவிடுவார்கள். அந்தக் கொதியில் அதன் நஞ்சான அக்கோனிட்டின் சிதையும். நேரம் குறைந்தால் நாக்கு மரக்கும், அதற்கு மேல் இதயத் துடிப்பே தடுமாறும். புதினாவைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் போட வேண்டும். சட்டி மண்ணில் இருக்கட்டும், இரும்பு ஆகாது. சரக்குகளின் நஞ்சு நீக்கிச் சுத்தி செய்து பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வாரப் பாடம்.

கவிழ்ப்பது நாடி. நாம் மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்ப்போம். இவர்களும் அதே மூன்று விரலைத்தான் வைக்கிறார்கள். ஆனால் இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம்; வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம். அதற்கு மேல் 28 நாடி வகை. 'வழுக்கும் நாடி'யைக் கபம் என்று மொழிபெயர்த்தாயோ, தொலைந்தாய்: கர்ப்பிணிக்கும் அது இயல்பாக வரும். ஐம்பூதமும் அப்படித்தான். இங்குள்ள ஐந்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். காற்றையும் ஆகாயத்தையும் எங்கே பொருத்துவது என்று தேடாதே. பொருத்த இடமே கிடையாது. முதல் வருடம் இரண்டு மருத்துவத்துக்கும் இரண்டு நோட்டு வை.

அக்குபஞ்சர் ஊசி குத்திப் பழக முதலில் மடித்த காகிதக் கட்டு, பிறகு உன் கால். த்சுசன்லி புள்ளியை முழங்கால் சிப்பிக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து நான்கு விரற்கடை இறக்கி, முன்னெலும்புக்கு ஒரு விரல் வெளியே பிடிக்க வேண்டும். விரல் நோயாளியுடையது, உன்னுடையதை வைத்தால் குழந்தைக்கும் பயில்வானுக்கும் புள்ளி தப்பும். தோள்மேட்டுப் புள்ளியில் நேராக ஆழமாகக் குத்தினால் நுரையீரல் ஓட்டையாகும். வெறும் வயிற்றோடு வந்தவர் மயங்குவார்: ஊசிகளை எடு, தலை தாழப் படுக்கவை, வெந்நீரில் சர்க்கரை கொடு.

அப்பா கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் 2020 சட்டத்தின்படி வந்த இந்திய மருத்துவ முறைகளுக்கான தேசிய ஆணையம் ஆயுர்வேதம், யுனானி, சித்தா, சோவா ரிக்பா (திபெத்திய மருத்துவம்) ஆகியவற்றைத்தான் ஆள்கிறது. இந்தப் பட்டத்தை எம்.டி. சித்தாவுக்கு ஈடாக எண்ணி வராதே. ஊரில் உன் பதிவு பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த இளங்கலைப் பட்டத்தின் பதிவாகவே இருக்கும். அக்குபஞ்சரை மட்டும் 2019-ல் மத்திய அரசு தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. இங்கேயும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கத்தான் நோயாளியைத் தொடலாம்.

கிடைத்துவிட்டால், சேர்க்கைக் கடிதத்தையும் விசாவுக்கான ஜே.டபிள்யூ.201 படிவத்தையும் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. எக்ஸ்1 என்ற மாணவர் விசாவில் தங்கும் நாள் '000' என்றிருக்கும், பயப்படாதே. வந்து 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்று பொருள். விடுதிக்கு வெளியே தங்கினால் 24 மணி நேரத்தில் போலீஸ் பதிவு.

இனிஷியல் வேலையை இந்த வாரமே பார். அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
அண்ணன்