வாட்டர் எண்டில் சேற்றில் இறங்கியவர்களுக்கு நன்றி

அன்புள்ள அண்ணாமாரே, அக்காமாரே, பிள்ளைகளே,

சனிக்கிழமை ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் வாட்டர் எண்டுக்கு வந்து குப்பை பொறுக்கிய உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பத்துப் பேர் வந்தாலே பெரிது என்று நினைத்திருந்தேன். இருபத்தாறு பேர் வந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

முதல் நன்றி நிலத்துக்காரருக்கு. அது தனியார் நிலம், அறிவியல் சிறப்புக்காகச் சட்டம் பாதுகாக்கும் இடம். கேட்டதும் சரி என்றார்.

களிமண் மேல் ஓடிவரும் மிம்ஸ்ஹால் ஓடை, அடியில் வெண்சுண்ணாம்புப் பாறை எட்டிப் பார்க்கும் இடம் வந்ததும் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. மழைநீரின் லேசான புளிப்பு பாறையைக் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய குழிகள் அங்கே 15க்கும் மேல். அடைமழை பெய்தால் அவற்றால் அவ்வளவு தண்ணீரையும் குடிக்க முடியாது. பள்ளம் முழுக்க ஏரியாகி, மிஞ்சியது கோல்ன் ஆற்றுக்குப் போகிறது. குழியைப் பார்த்ததும் யாழ்ப்பாணத்துப் புத்தூர் அக்கா, "எங்கட நிலாவரைக் கிணறு மாதிரி" என்றாரே, அதுவும் சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டானதுதான்.

வில்லோ மரத்தடிக் குழியை மறக்க முடியவில்லை. நுரை, சுள்ளி, பிளாஸ்டிக் போத்தல், ஒரு பந்து, எல்லாம் ஒன்றாகச் சுழன்றுகொண்டிருந்தன. சுள்ளியையும் கட்டையையும் தொடாமல், அவை பூச்சிகளுக்கு வீடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போத்தல்களை மட்டும் பொறுமையாக எடுத்த தாத்தாவுக்குத் தனி நன்றி. கடைசிப் போத்தல் வந்ததும் தண்ணீர் மடக்கென்று இறங்கிய சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

"இந்தத் தண்ணி எங்கே போகுது?" என்று என்ஃபீல்டில் இருந்து வந்த தம்பி கேட்டான். சாயம் கலந்து விட்டுப் பார்த்திருக்கிறார்கள், தம்பி. இங்கே இறங்கும் தண்ணீர் சில நாட்களில், 10 கிலோமீட்டருக்கும் அப்பால், லீ பள்ளத்தாக்கின் சாட்வெல் ஊற்றில் வந்துவிடுகிறது. அந்த ஊற்றில் இருந்துதான் லண்டனுக்குக் குடிநீர் கொண்டுபோக நியூ ரிவரை வெட்டினார்கள், 1613இல் திறந்தார்கள். உங்கள் ஊர் நடுவே ஓடுகிறதே, அதே கால்வாய்தான்.

அப்புறம், சோறு கட்டிவந்த அக்காமாருக்கும், சேறு ஒட்டிய மூட்டைகளை முகம் சுளிக்காமல் தங்கள் காரில் ஏற்றிப்போன அண்ணாமாருக்கும் நன்றி. சின்னதாக ஒரு மஞ்சள் பூட்ஸ், இடது கால், என்னிடம் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன். யாருடையது என்று சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.