செந்திலுக்கு: கிட்டா, சப்வெர்ஷனா?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா மறுபடி மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மகளுக்கு இந்த வருஷம் பத்தாம் வகுப்பு, வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

நீங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தமிழ்ப் பிழைதிருத்தி செய்யப் போவதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். பலர் சேர்ந்து எழுதும் கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் மென்பொருளாக சப்வெர்ஷனை எடுப்பதா, கிட்டை எடுப்பதா என்று கேட்டிருந்தாய். கிட்டுக்கே போங்கள்.

சப்வெர்ஷன் பழக லேசு என்கிறாய், சரிதான். திருத்தங்களுக்கு 1, 2, 3 என்று எண் விழும். உங்கள் தமிழாசிரியர்களுக்கும் சட்டென்று புரியும். கிட்டில் அந்த இடத்தில் 40 எழுத்து நீளத்துக்கு ஒரு குறியீடு நிற்கும். ஆனால் சப்வெர்ஷனில் திருத்த வரலாறு முழுக்க சர்வரில்தான். கமிட் பண்ண, அதாவது செய்த திருத்தத்தை வரலாற்றில் பதிய, நெட் இருந்தாக வேண்டும். உங்களில் பாதிப் பேர் பஸ்ஸிலும் ரயிலிலும் வேலை பார்ப்பவர்கள். கிட்டில் ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் முழு வரலாறும் இருக்கும். வழியில் கமிட் செய்துவிட்டு, வீட்டுக்குப் போய் புஷ் பண்ணி சர்வருக்கு அனுப்பிக்கொள்ளலாம். சர்வர் டிஸ்க் போனாலும் உழைப்பு போகாது.

இதே வேலைக்கு மெர்க்கூரியல் என்று இன்னொன்றும் உண்டு, அதுவும் நல்ல கருவிதான். 2005 ஏப்ரலில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்களுக்கு, அவர்கள் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதேபோன்ற கருவியின் இலவச அனுமதி நின்றபோது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டைத் தொடங்கினார். மெர்க்கூரியலும் அதே நெருக்கடியில் பிறந்ததுதான். ஆனால் 2017ல் பைத்தான் நிரல்மொழிக்காரர்கள் மெர்க்கூரியலிலிருந்து கிட்டுக்கு மாறினார்கள், 2020ல் நிரல்களைச் சேமித்துவைக்கும் பிட்பக்கெட் தளமும் மெர்க்கூரியலைக் கைவிட்டது. உங்களுக்கு உதவ வரும் கல்லூரிப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கப்போவது கிட்தான்.

சொற்பட்டியலை வரிக்கு ஒரு சொல்லாக வையுங்கள். கிட் வரி வரியாகத்தான் ஒப்பிடும். பத்திபோல் எழுதினால் ஒரு சொல்லைத் திருத்தினாலும் பத்தி முழுக்க மாறியதாகக் காட்டும். அகரவரிசை எது என்பதையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஆளுக்கொரு வரிசையில் அடுக்கினால் எல்லார் திருத்தங்களையும் ஒன்றாக இணைத்து மெர்ஜ் பண்ணுவதற்குள் உயிர் போய்விடும்.

அப்புறம், கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் மாறிய கோப்புகளைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையில் \340\256 என்று எண்ணாக ஓடும். பயப்படாதே, கோப்பு கெடவில்லை. கோர்.க்வோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஃபால்ஸ் (false) ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும்.

உச்சரிப்பு ஒலிப்பதிவுகளை மட்டும் நேரடியாக உள்ளே போடாதீர்கள். பிறகு அழித்தாலும் வரலாற்றில் தங்கிவிடும், குளோன் பண்ணி முழுப் பிரதி எடுக்கிறவர் ஒவ்வொருவரும் அந்தச் சுமையை இறக்க வேண்டும். அவற்றுக்கு, பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் என்ற துணைக்கருவியை வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு மதுரை வருகிறேன். ஆசிரியர்களை ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிடு. மற்றவர் திருத்தங்களை இறக்கிக்கொள்ளும் புல், அப்புறம் கமிட், புஷ் மூன்றையும் நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி