வேகமா, நீட்சியா: உலாவி செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி, ஓபரா, பிரேவ், விவால்டி ஆகிய உலாவிகளை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

போன மாதம் என் தங்கை புது மடிக்கணினி வாங்கினாள். "எந்த பிரவுசர் போடட்டும்?" என்று கேட்டாள். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு என்றால் அரை நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பேன். இந்த முறை இருபது நிமிடம் பேசினேன். வேகம் வேண்டுமென்றால் இது, நீட்சிகள் (கூடுதல் வசதிக்காக உலாவியில் நாம் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்) வேண்டுமென்றால் அது, இதில் அந்த நீட்சி இப்போது ஓடாது, அதில் சில தளங்கள் முரண்டு பிடிக்கும் என்று நீட்டிக்கொண்டே போனேன். கடைசியில் அவள், "விடுண்ணா, அதில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அவளிடம் சொல்லி முடிக்காததை உங்களிடம் சொல்லலாம் என்றுதான் இந்த மடல்.

2008 செப்டம்பரில் குரோம் வந்தபோதே இந்தக் குழப்பத்துக்கு விதை விழுந்துவிட்டது. அதுவரை நான் பயர்பாக்ஸில் இருந்தேன். விளம்பரத் தடுப்பான், தரவிறக்க மேலாளர், பக்கங்களை நம் விருப்பத்துக்குத் திருத்தும் கிரீஸ்மங்கி என்று வீட்டை நிரப்பி வைத்திருந்தேன். குரோமை நிறுவியதும் அசந்துபோனேன். ஐகானைத் தொட்ட கையோடு திறந்தது. பக்கங்களுக்குள் இருக்கும் நிரல்களை இயக்கும் வி8 என்ற ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் கனமான பக்கங்களைச் சடசடவென்று ஓட்டியது. ஒரு டேப் செத்தாலும் மற்றவை பிழைத்துக்கொண்டன. நீட்சி மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. பொதுப் பயன்பாட்டுப் பதிப்புக்கு அது வந்து சேர 2010 ஜனவரி ஆனது. அதுவரை மின்னஞ்சலுக்கு ஒரு உலாவி, படிப்பதற்கு இன்னொன்று என்று இரட்டைக் குடித்தனம் நடத்தினேன். கிரீஸ்மங்கியை எழுதிய ஆரன் பூட்மேன்தான் பிறகு கூகுளில் குரோமின் நீட்சி அமைப்பை உருவாக்குவதில் வேலை செய்தார். வெறும் வேகம் போதாது என்பது உங்களில் சிலருக்கு அன்றே தெரிந்திருந்தது என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேகத்தைப் பற்றி நீங்கள் பேசும்போது எதை அளந்து பேசுகிறீர்கள் என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். சன்ஸ்பைடர், கிராக்கன், ஆக்டேன் என்று ஆளுக்கொரு வேகத் தேர்வு வைத்தீர்கள். அப்புறம் தேர்வுக்காகவே படிக்கும் பையனைப்போல, அந்தத் தேர்வில் மதிப்பெண் வருகிற மாதிரி எஞ்சினைச் செதுக்கினீர்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, கூகுளே ஒப்புக்கொண்டதுதான். ஆக்டேனில் எண்ணிக்கையைக் கூட்டும் வேலைகள் நிஜப் பக்கங்களுக்கு உதவவில்லை, சில சமயம் கெடுக்கவும் செய்கின்றன என்று சொல்லித்தான் 2017-இல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் வந்த ஸ்பீடோமீட்டர் 3 என்ற தேர்வு எவ்வளவோ மேல். போட்டியாளர்களான ஆப்பிள், கூகுள், பயர்பாக்ஸின் மொசில்லா எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்தது. அதற்காக ஒரு நிஜமான பாராட்டு. ஆனால் அதுவும், நீட்சி ஏதும் இல்லாத உலாவியில், வலைப்பின்னல் தாமதம் எதுவும் குறுக்கிடாமல், சொந்தக் கணினியிலேயே ஓடும் தேர்வு. அப்படி ஒரு இணையத்தில் நாங்கள் யாரும் வாழவில்லை.

எங்கள் இணையம் எப்படியிருக்கிறது என்று பார்க்க எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்தாலே போதும். நான் ஒரு செய்திப் பக்கத்தில் செய்து பார்த்தேன். கட்டுரை நான்கே பத்தி. அந்த நான்கு பத்திக்காக "இந்தக் கோப்பை அனுப்பு" என்று வெளியே என் உலாவி அனுப்பிய கோரிக்கைகள் நூறைத் தாண்டின. கட்டுரை வந்து சேர்ந்து வெகுநேரம் ஆன பிறகும், விளம்பரத்துக்கு ஒன்று, என்னைப் பின்தொடர ஒன்று, பின்தொடர்பவரைப் பின்தொடர ஒன்று என்று ஸ்கிரிப்டுகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. படித்துக்கொண்டிருந்த வரி திடீரென்று கீழே குதித்தது. தடுப்பானை இயக்கிவிட்டு மறுபடி திறந்தேன். பக்கம் வந்தது, நின்றது, அவ்வளவுதான். உங்கள் எஞ்சின்கள் ஒன்றை ஒன்று மில்லிநொடிகளில் முந்துகின்றன. இது கண்ணால் பார்த்தாலே தெரிகிற வித்தியாசம்.

தங்கையின் கணினியிலும் அதைத்தான் செய்தேன். உலாவியை மாற்றவில்லை, ஒரு தடுப்பானை மட்டும் போட்டேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, "வேறு பிரவுசர் மாத்திட்டியா? நல்லா வேகமா இருக்கே" என்றாள்.

அதனால்தான் "வேகத்துக்காக நீட்சிகளின் கையைக் கட்டுகிறோம்" என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. எல்லா நேரத்திலும் இல்லை. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 வந்தபோது பழைய பாணி நீட்சிகள் அத்தனையும் ஒரே நாளில் செயலிழந்தன. டேப் மிக்ஸ் பிளஸ் போயிற்று. டவுன்தெம்ஆல் திரும்ப எழுதப்பட்டு வர இரண்டு ஆண்டு ஆனது. வலித்தது. ஆனால் காரணம் புரிந்தது. அந்த நீட்சிகள் உலாவியின் குடலுக்குள்ளேயே கைவிட்டு வேலை செய்பவை. உள்ளே ஒரு திருகை மாற்றினால்கூட எங்கோ ஒரு நீட்சி உடையும். டேப்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரிக்க பயர்பாக்ஸ் பட்ட பாட்டுக்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு. விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக ஒரு வேகமான உலாவி கைக்கு வந்தது. கொடுத்ததும் தெரிந்தது, வாங்கியதும் தெரிந்தது.

நீட்சிகள் எதைச் செய்யலாம் என்று வகுக்கும் குரோமின் புது விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3 விஷயத்தில் எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. முன்பு ஒவ்வொரு கோரிக்கை கிளம்பும்போதும் உலாவி நீட்சியிடம் "இதை விடலாமா?" என்று கேட்கும். நீட்சி யோசித்துப் பதில் சொல்லும். புது முறையில் நீட்சி ஒரு விதிப் பட்டியலை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், உலாவி அதைப் பார்த்துத் தானே முடிவெடுக்கும். கேட்டுக் கேட்டு அனுப்புவதால் பக்கம் தாமதமாகிறது என்பது நீங்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2019 பிப்ரவரியில் கோஸ்டரி குழு இதை அளந்து பார்த்தது. பிரபலமான தடுப்பான்கள் ஒரு கோரிக்கைக்கு முடிவெடுக்க எடுத்த நேரம், நடுமதிப்பில் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. கோஸ்டரியே ஒரு தடுப்பான்தான், அவர்களுக்கு இதில் சொந்த அக்கறை உண்டு, சரி. விளம்பரத்தில் வாழும் ஒரு நிறுவனத்துக்கு அக்கறை இல்லையா என்ன?

பாதுகாப்பு, அந்தரங்கம் என்றும் சொன்னீர்கள். அதில் பாதி நியாயம். வெளியிலிருந்து நிரலை இறக்கி ஓட்டக் கூடாது என்ற தடை நல்லது, அது முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் கோரிக்கைகளைப் பார்க்கும் வசதியை வி3-இலும் விட்டுவைத்துவிட்டு, தடுக்கும் வசதியை மட்டும் சாதாரணப் பயனரிடமிருந்து எடுத்துவிட்டீர்கள். என்னை வேவு பார்க்க நினைக்கும் நீட்சி இன்னும் பார்க்கலாம். எனக்காகக் காவல் நிற்கும் நீட்சியின் கைதான் கட்டப்பட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே வீட்டைக் கொளுத்திய பிறகும் மூட்டைப்பூச்சி அப்படியே இருக்கிறது. முதலில் 30,000 விதிகள்தான் என்று வரம்பு வைத்தீர்கள். தடுப்பான்கள் பயன்படுத்தும் ஈஸிலிஸ்ட் என்ற ஒரே விதிப் பட்டியல் அதைவிடப் பெரியது. கூச்சல் எழுந்த பிறகு வரம்பை உயர்த்தினீர்கள். 2024-இல் பழைய வகை நீட்சிகளை அணைக்கத் தொடங்கினீர்கள். ரேமண்ட் ஹில் எழுதிய யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானும் அதில் போயிற்று. லைட் என்ற தம்பியை அவர் விட்டுவைத்திருக்கிறார். நன்றாகத்தான் உழைக்கிறது, ஆனால் மூத்தவனால் முடிந்த எல்லாம் அதனால் முடியாது. பயர்பாக்ஸ் வி3-ஐ ஏற்றுக்கொண்டபோதும் பழைய தடுக்கும் வசதியை விட்டுவைத்தது. ஆக, இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியும் என்பதற்குச் சாட்சி உங்கள் நடுவிலேயே இருக்கிறது.

நீட்சிகள் எல்லாம் உத்தமர்கள் என்று வாதாட நான் வரவில்லை. ஒரு காலத்தில் பத்தொன்பது நீட்சிகள் வைத்திருந்தேன். உலாவி ஊர்ந்தது. உலாவியைத் திட்டித் தீர்த்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் அகப்பட்டது ஒரு அகராதி நீட்சி. மாதத்துக்கு இரண்டு சொல்லுக்குப் பொருள் பார்ப்பதற்காக, திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் தன் மூட்டை முடிச்சோடு ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டுமா? குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், தெரியும். ஆனால் பக்கத்துக்குள் நுழைந்து ஓடும் நீட்சியின் நிரல், அந்தப் பக்கத்தின் கணக்கில்தான் எழுதப்படுகிறது. திருடியவன் ஒருவன், சிக்குபவன் இன்னொருவன்.

தி கிரேட் சஸ்பெண்டர் கதையும் உங்களுக்குத் தெரியும். சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் நீட்சி. 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வைத்திருந்தார்கள். 2020-இல் அது முகம் தெரியாத யாரிடமோ கை மாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கு நிரல் என்று கூகுள் அதை நீக்கியது. இடைப்பட்ட மாதங்களில் உலாவி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேகத்துக்காகப் போட்ட நீட்சி, யார் கையில் இருக்கிறது என்றே தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இதிலிருந்தே என் வேண்டுகோள்கள் வருகின்றன. நீட்சிகள் பட்டியலில் ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்திலும் அது இந்த வாரம் எடுத்துக்கொண்ட நேரத்தையும் நினைவகத்தையும் எழுதுங்கள், பக்கத்துக்குள் ஓடியதையும் சேர்த்து. கைபேசியில் எந்தச் செயலி எவ்வளவு பேட்டரி தின்றது என்று காட்டுகிறார்களே, அது மாதிரி. உரிமையாளர் மாறினால் நீட்சியை நிறுத்திவிட்டு எங்களைக் கேளுங்கள். "நீங்கள் செல்லும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கும், மாற்றும்" என்று எச்சரிப்பதோடு கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். கால்குலேட்டருக்கும் அதே எச்சரிக்கை, தடுப்பானுக்கும் அதே எச்சரிக்கை என்றால் படிப்பவர் இரண்டுக்கும் சம்மதித்துவிட்டுப் போவார். தடுக்கும் வசதியை ஒரு பெரிய சிவப்புப் பொத்தானுக்குப் பின்னால் வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் வையுங்கள்.

விலையைச் சொன்னால் நாங்கள் கொடுக்கமாட்டோம் என்று பயப்பட வேண்டாம். பிராசசர்களில் இருந்த ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு, 2018-இல் குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனிச் செயல்முறையில் அடைத்தது. நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று வெளிப்படையாகச் சொன்னீர்கள். நினைவகத்துக்கு அலையும் நானே முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டேன்.

பிரேவ், விவால்டி, ஓபரா குழுவினருக்கு ஒரு வார்த்தை. தடுப்பானை உலாவிக்குள்ளேயே கட்டிவிட்டீர்கள், வேகமாகவும் இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் அதன் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. நாளை நிர்வாகம் மாறினால்? 2019 மே மாதம் நீட்சிகளைச் சரிபார்க்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானதில் பயர்பாக்ஸ் பயனர்களின் நீட்சிகள் கூண்டோடு அணைந்தன. அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, வெறும் மறதிதான். ஒரே சாவி என்றால் மறதிக்கே அவ்வளவு பலம். மேலும் எட்ஜ் உட்பட நீங்கள் எல்லோரும் குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் மேல்தான் வீடு கட்டியிருக்கிறீர்கள். 2013-இல் ஓபராவும் 2020-இல் எட்ஜும் சொந்த எஞ்சினை விட்டுவிட்டு அங்கே குடிபோன பிறகு, பெரிய எஞ்சின்கள் என்று மிஞ்சியவை குரோமியத்தின் பிளிங்க், சஃபாரியின் வெப்கிட், பயர்பாக்ஸின் கெக்கோ மூன்றுதான். பட்டியலில் ஏழு பெயர் இருந்தும் தங்கைக்கு என்னால் அரை நிமிடத்தில் பதில் சொல்ல முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசியாகக் கைபேசி. எங்கள் இணையத்தில் பெரும்பகுதி இப்போது அங்கேதான். கணினியைவிடப் பலவீனமான பிராசசர், விட்டு விட்டு வரும் சிக்னல். தடுப்பான் அதிகம் தேவைப்படும் இடமே அதுதான், ஆண்ட்ராய்டு குரோமிலோ நீட்சிக்கு இடமே இல்லை. பயர்பாக்ஸ் 2020-இல் விரல்விட்டு எண்ணக்கூடிய நீட்சிகளோடு சுருக்கிக்கொண்டு, 2023 டிசம்பரில்தான் கதவை முழுதாகத் திறந்தது. சஃபாரி 2021-இல் ஐபோனில் அனுமதித்தது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் போன்ற சில இடங்களுக்கு வெளியே அங்கே எந்த உலாவியைப் போட்டாலும் உள்ளே வெப்கிட்தான். குரோம் குழுவினரே, கணினியில் பதினைந்து வருடமாகச் செய்து பழகியதைக் கைபேசியில் செய்ய முடியாது என்பதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்தால் எழுதுங்கள். நான் படிக்கத் தயார்.

இப்படிக்கு,
இன்னும் இரண்டு உலாவிகளோடு குடித்தனம் நடத்தும் ஒரு பயனர்