தமிழ்ப் பாடசாலை நிர்வாகிகளுக்கும் கழகப் பொறுப்பாளர்களுக்கும்: மாசியில் ஒருநாள் ஓஷினன் ஏரிக்குப் போவோம்

சுவிஸில் தமிழ்ப் பாடசாலை நடத்துகிற நிர்வாகிகளுக்கும், விளையாட்டுக் கழகப் பொறுப்பாளர்களுக்கும், கோயில் இளைஞர் மன்றத்தாருக்கும் வணக்கம்.

உங்கள் ஆண்டு நிகழ்ச்சி நிரலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தையில் பொங்கல் விழா. பிறகு நேரே சித்திரைப் புத்தாண்டு. கோடையில் மெய்வல்லுநர் போட்டி, உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், தேர்த்திருவிழா. புரட்டாதியில் வாணிவிழா, மார்கழியில் ஒளிவிழா. மாசியும் பங்குனியும் வெறுமையாகக் கிடக்கின்றன. இந்த நாட்டில் பாதிப் பேர் மலைக்குப் போகிற அந்த மாதங்களில் நாங்கள் ஹீற்றரைக் கூட்டிவிட்டு வீட்டுக்குள் இருக்கிறோம். நான் கேட்பது ஒன்றுதான். அந்த இடைவெளியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்து, பனிச்சப்பாத்து கட்டிக்கொண்டு ஒரு மலை ஏரிக்கு நடந்துபோகிற நாளாக அறிவியுங்கள். பிள்ளைகளை மட்டும் அனுப்பச் சொல்லி அல்ல, அவர்களின் அப்பா அம்மாவும் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லி.

பிள்ளைகளுக்குப் பனி புதிதில்லை. பாடசாலை ஷ்கீலாகருக்கு, அதாவது பனிச்சறுக்கு முகாமுக்கு, போய்வந்தவர்கள், சறுக்குவண்டியில் புரண்டவர்கள். பெற்றோரின் கதை வேறு. 1983க்குப் பிறகு இங்கே வந்தவர்களில் எத்தனையோ பேருக்கு முதலில் கிடைத்தது சமையலறை வேலை. அதிலும் மலையூர் விடுதிகளில் வேலை செய்தவர்களுக்குக் குளிர்காலம்தான் சீசன். என் மைத்துனர் ஒருவர் அப்படி ஒரு விடுதியில் பல வருடம் பாத்திரம் கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு அடுப்படிக்கு வந்தவர். கேபிள் வண்டி அவருடைய சமையலறை யன்னலுக்கு நேரே போய்வரும். அதில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால், "சீசன் நேரம் ஆர் லீவு தாறது?" என்பார். சீசன் முடிந்தால் பனியும் முடிந்துவிடும். உலகத்தின் மறுகோடியிலிருந்து காசு கட்டி வருகிறவர்கள் பார்த்த மலையை, அவர்களுக்குச் சோறு போட்டவர் யன்னலால் மட்டும் பார்த்தார்.

அந்தத் தலைமுறைக்குப் பனி என்றால் விடிய ஐந்தரைக்கு வழுக்கி வழுக்கி ட்ராமுக்கு ஓடுவது, காரின் கண்ணாடி சுரண்டுவது, வாசலில் உப்புப் போடுவது. அவர்கள் இப்போது ஓய்வூதிய வயதில் இருக்கிறார்கள், சிலர் அதைத் தாண்டியும் விட்டார்கள். முழங்கால் இன்னும் கொஞ்ச வருடத்துக்குத் தாங்கும். அதற்குள் கூட்டிக்கொண்டு போங்கள் என்கிறேன்.

சறுக்கு விளையாட்டு இந்த வயதில் சரிவராது, அது சின்னதில் பழகவேண்டியது. பனிச்சப்பாத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நடக்கத் தெரிந்தால் போதும். ஒரு முழத்துக்கு மேல் நீளமான பிளாஸ்டிக் பலகை, அதன்மேல் உங்கள் சொந்தச் சப்பாத்தை வைத்து நாடாவை இறுக்குவீர்கள். முன்பாதம் கட்டப்பட்டிருக்கும், குதி தூக்க வரும். அடியில் இரும்புப் பற்கள். பலகை உடல் எடையைப் பரப்பிவிடுவதால் தொடைவரை புதைய வேண்டிய இடத்தில் கணுக்கால் அளவில் நிற்பீர்கள். ஏற்றத்தில் குதிக்குக் கீழே ஒரு கம்பியை நிமிர்த்திவிட்டால் படியேறுவதுபோல் பாதம் மட்டமாக இருக்கும், கெண்டைக்கால் பிழைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் எல்லாரும் தாரா நடைதான். கால்களைக் கொஞ்சம் அகட்டி வைக்காவிட்டால் இடது பலகையை வலது மிதிக்கும், ஆள் முகங்குப்புற விழுவார். பின்னுக்கு நடக்கவே கூடாது, வால்பகுதி பனியில் குத்திக்கொள்ளும். திரும்புவதென்றால் வட்டமடித்துத்தான் திரும்பவேண்டும். எங்கள் சித்தி ஒருவர் இரண்டு தரம் விழுந்து, எழும்ப மாட்டாமல் சிரித்துக்கொண்டே கிடந்தார். பனியில் விழுந்தால் நோகாது என்பது அவருக்கு அன்றுதான் தெரியும்.

எந்த ஏரி என்று கேட்பீர்கள். நான் சொல்வது காண்டர்ஷ்டெக்குக்கு மேலே இருக்கும் ஓஷினன் ஏரி. பேர்ணிலிருந்து ஷ்பீட்ஸ், ஃப்ரூட்டிகன் வழியாக ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. ஊரிலிருந்து கேபிள் வண்டி மேலே கொண்டுபோய் விடும். அங்கிருந்து ஏரிக்கரைக்கு மெதுவாக நடந்தாலும் அரை மணித்தியாலம் போதும். ஏரி கடல்மட்டத்திலிருந்து 1,578 மீற்றரில் இருக்கிறது. பழங்காலத்தில் மலை இடிந்து விழுந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி அது. தண்ணீர் வெளியே போக வாய்க்கால் ஒன்றும் கிடையாது, இடிந்த கற்களுக்குள்ளால் கசிந்து கீழே போய்த்தான் ஊற்றாக வெளிவருகிறது. எதிரே 3,661 மீற்றர் உயரத்துக்கு புளூமிஸ்ஆல்ப் நிற்கிறது. 2007 முதல் அந்தப் பக்கமும் யுங்ஃப்ரௌ அலெட்ச் உலக மரபுரிமைப் பகுதிக்குள் சேர்ந்துவிட்டது. கோடையில் வாகனத்தரிப்பிடம் நிரம்பி வழியும் அந்த இடத்துக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள், கைத்தொலைபேசியில் நீலத் தண்ணீர்ப் படமும் இருக்கும். மாசியில் அந்த நீலம் இருக்காது. ஏரி முழுக்க வெள்ளைத் தரை. ஐஸ் தடித்த வருடங்களில் அதன்மேல் நடக்கவும், சறுக்கவும், துளைபோட்டு மீன்பிடிக்கவும் விடுவார்கள். தடிக்காத வருடத்தில் விடமாட்டார்கள்.

இனி நான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன குளிர்காலத்தில் எங்கள் ஆட்களின் ஒரு சுற்றுலாக் குழுவைப் பார்த்தேன். எந்த அமைப்பு என்பது இங்கே தேவையில்லை. ஒரு பஸ் நிறையச் சனம். பாதிப் பேர் ஜீன்ஸ், சிலர் ஓடும் சப்பாத்து, ஒரு அக்கா சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை. பெட்டியில் சோற்றுப் பார்சல். ஏரிக்கரையில் "ஐஸ் திறக்கப்படவில்லை" என்ற பலகையும் கயிறும் இருந்தன. படம் எடுப்பதற்காக நான்கைந்து பேர் கயிற்றைத் தாண்டினார்கள், பின்னால் பிள்ளைகளும் ஓடினார்கள். பொறுப்பாளர் என்று அட்டை மாட்டியிருந்தவர் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதால் அடுத்த வருடமும் அப்படியே செய்வார்கள் என்பதுதான் என் பயம். இப்படித்தான் போகப்போகிறீர்கள் என்றால் போகவே வேண்டாம், மாசி வெறுமையாகவே இருக்கட்டும்.

ஒழுங்காகப் போவது பெரிய வித்தை இல்லை. இந்த நாட்டில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள், வாசிக்கிற வேலைதான் எங்களுடையது. குளிர்கால நடைபாதைக்கும் பனிச்சப்பாத்துத் தடத்துக்கும் இளஞ்சிவப்பு நிறப் பலகை. கோடைகால மஞ்சள் பலகையை நம்பிக் குளிர்காலத்தில் போகக்கூடாது, அந்தப் பாதை பனிச்சரிவு விழும் இடத்தைக் குறுக்கறுக்கலாம். சுவிஸ் அல்பைன் கிளப் பனிச்சப்பாத்துப் பாதைகளை ஆறு படியாகப் பிரித்திருக்கிறது. முதல் படி என்றால் 25 பாகைக்குக் குறைந்த சரிவு, பனிச்சரிவு ஆபத்தில்லாத நிலம். பாடசாலைக் குழுவுக்கு அந்த முதல் படியைத் தாண்டி யோசிக்கவே தேவையில்லை.

பனிச்சரிவைப் பற்றித்தான் எங்கள் ஆட்களிடம் தவறான எண்ணம் அதிகம். எங்கோ உச்சியிலிருந்து இடிமுழக்கத்தோடு தானாக விழுவது என்று நினைக்கிறார்கள். ஆட்களைக் கொல்கிற பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றை அந்த ஆட்களே, அல்லது கூட வந்தவர்களே, காலால் கிளப்பிவிடுகிறார்கள். அடியில் பலவீனமான ஒரு படை, அதன்மேல் காற்று கொண்டுவந்து குவித்த இறுகிய படை. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒருவர் மிதிக்க, மேற்படை பலகையாக உடைந்து வழுக்கும். சிலவேளை மட்டமான இடத்தில் நிற்கும்போதே காலடியில் "வும்ப்" என்று பனி அமிழ்கிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் மேலே இருக்கும் சரிவும் அறுந்து வரலாம், நின்று யோசிக்காமல் செங்குத்தை விட்டு விலகி வந்த வழியே திரும்பவேண்டும். புதையுண்டவரை முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அதற்குப் பிறகு வாய்ப்பு விறுவிறென்று குறைகிறது. 1414க்கு அடித்தால் ரேகா என்ற மீட்புச் சேவையின் ஹெலிகொப்டர் வரும், ஆனால் பத்து நிமிடத்துக்குள் வந்துசேரும் என்று எண்ணிக்கொண்டு போகமுடியாது.

தாவோஸில் இருக்கும் பனி ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் மாலை 5 மணிக்கு எச்சரிக்கை அறிக்கை விடுகிறது, காலை 8 மணிக்குப் புதுப்பிக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்துவரை நிலை. ஐந்துக்கு மூன்று என்றவுடன் "நடுத்தரம், பரவாயில்லை" என்று எடுத்துக்கொள்கிறோம், பரீட்சைப் புள்ளி பார்த்த பழக்கம். உயிரிழப்புகளில் பெரும்பங்கு நடப்பது அந்த மூன்றாம் நிலை நாட்களில்தான். நான்கும் ஐந்தும் என்றால் ஆட்கள் வீட்டில் நின்றுவிடுவார்கள், மூன்றில் துணிந்து போவார்கள். குறியிட்ட பாதையைப் பொறுப்பானவர்கள் அன்றன்று பார்த்துத் திறப்பார்கள், மூடுவார்கள். திறந்த பாதையில் போங்கள், ஓரடி வெளியே போகாதீர்கள். ஓஷினன் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ஏரிக்குத் தெற்கே ஷ்பிட்ஸர் ஷ்டைன் என்ற மலைமுகடு நகர்ந்துகொண்டிருக்கிறது, 2018 முதல் அதைக் கருவிகளால் கண்காணிக்கிறார்கள். அதனால் மூடிய பாதைகளில் கயிறு கட்டியிருந்தால் அது விளையாட்டுக்குக் கட்டியதில்லை.

சரி, பயமுறுத்தியது போதும். உடுப்புக்கு வருவோம். பருத்தி வேண்டாம். வேர்வையில் நனைந்தால் காயாது, நின்றவுடன் உடம்பை ஐஸாக்கிவிடும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூல் சட்டை, அதற்குமேல் ஒரு ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத சட்டை. புறப்படும்போது கொஞ்சம் குளிரவேண்டும். நிற்கும்போதே கணகணப்பாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். இதை எங்கள் அம்மாமாரிடம் சொல்லி வெல்லமுடியாது என்று தெரியும், என்றாலும் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கில்லை, பனியில் தெறிக்கிற வெயில் கண்ணை எரித்துவிடும். பிள்ளைகளுக்கு இன்னொரு சோடி கையுறை கட்டாயம்.

சாப்பாட்டுக்குச் சோற்றுப் பார்சல் வேண்டாம், கல்லாகிவிடும், கையுறையைக் கழற்றிக் குழைக்கவும் முடியாது. ரோல்ஸ், பற்றிஸ், கச்சான் அல்வா, ஒவ்வொருவரிடமும் சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சி போட்ட தேத்தண்ணி. தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வையுங்கள், ஐஸ் மேல்பக்கத்திலிருந்துதான் பிடிக்கும், மூடி திறக்க வரும்.

பாட்டுப்பெட்டியை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பாட்டை வெறுத்துச் சொல்லவில்லை. வரைபடத்தில் காட்டு விலங்குகளின் அமைதி வலயங்கள் குறித்திருப்பார்கள், சுவிஸ்டொப்போ செயலியில் பார்க்கலாம், சரிவின் பாகையையும் அதே செயலி நிறத்தில் காட்டும். மலைக்கோழி பகலில் பனிக்குள் குழிதோண்டிப் படுத்திருக்கும். குளிர்காலத்தில் அதற்குக் கிடைக்கும் இரை சொற்பம், சேர்த்து வைத்திருக்கும் சக்தியில்தான் பங்குனியைத் தாண்டும். எங்கள் சத்தத்துக்கு அது பதறிப் பறந்தால் அந்தச் சக்தியில் ஒரு பங்கு போய்விடும்.

காசைப் பற்றிக் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். பனிச்சப்பாத்தும் தடியும் விளையாட்டுப்பொருள் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும், குழுவென்றால் முன்கூட்டியே பேசி வையுங்கள். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு வருடம் 30 பிராங்குக்கு ஜூனியர் கார்ட் எடுத்தால் அப்பாவோ அம்மாவோ கூட வரும்போது ரயிலுக்கு வேறு காசு இல்லை. கேபிளுக்கு என்ன சலுகை என்று தனியே கேளுங்கள். இளையோர் விளையாட்டுக்கு மத்திய அரசின் யூகெண்ட் உண்ட் ஷ்போர்ட் திட்டம் உதவித்தொகை கொடுக்கிறது. உதைபந்தாட்டத்துக்கு அதை விசாரிக்கத் தெரிந்த கழகங்கள் இதற்கும் விசாரிக்கலாம். சான்றிதழ் பெற்ற நடைவழிகாட்டி ஒருவரை ஒருநாளுக்கு அமர்த்துவதுதான் பெரிய செலவு. அதில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மண்டப வாடகைக்கும் ஒலிபெருக்கிக்கும் நாங்கள் கொடுப்பதோடு பார்த்தால் அது ஒரு தொகையே இல்லை.

ஒரு விசயம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். அமுக்கித் தட்டிய பாதையில் ஏரிக்குப் போக நல்ல குளிர்காலச் சப்பாத்தே போதும், பனிச்சப்பாத்து அங்கே மேலதிகம். புதுப்பனி விழுந்த மறுநாள் குறியிட்ட தடத்தில் இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். அதனால் குழுவை இரண்டாகப் பிரியுங்கள். ஏலாதவர்கள் தட்டிய பாதையால் வரட்டும், மற்றவர்கள் வழிகாட்டியோடு தடத்தால் வரட்டும், கரையில் சந்திக்கலாம்.

நிகழ்ச்சி நிரல் கூட்டம் வழமையாகக் கோடை விடுமுறைக்குப் பிறகு நடக்கும் என்று தெரியும். அந்தக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகப் போடுங்கள். திகதி வைக்கும்போது உங்கள் மாநிலத்தின் விளையாட்டு விடுமுறை வாரத்தைத் தவிருங்கள், கேபிள் வரிசையில் பாதி நாள் போய்விடும். இரண்டாவது திகதி ஒன்றையும் இப்போதே குறித்து வையுங்கள், முதல்நாள் மாலை அறிக்கை சரியில்லை என்றால் வெட்கப்படாமல் தள்ளிவைக்க அது உதவும். குழுவுக்கு முன்னால் போக ஆள் கிடைத்துவிடும், எங்களிடம் அதற்குப் பஞ்சமில்லை. எல்லாருக்கும் பின்னால், விழுந்தவரைத் தூக்கி, கழன்ற நாடாவைக் கட்டி வருவதற்குத்தான் ஆள் தேவைப்படும். அதற்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். மைத்துனரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
பேர்ணிலிருந்து ஒரு பெற்றார்