உன் வீட்டுக் கொட்டைச் செடி

நாகர்கோவில்

அன்புள்ள செல்வராஜ்,

கடையில் வாங்கிய தொட்டிச் செடி என்னவென்று கேட்டு நீ எழுதிய கடிதமும், உன் மகன் அனுப்பிய அதன் நான்கு படங்களும் சென்ற வாரம் கிடைத்தன. முழங்கால் வலி குறைந்து, ராட்டர்டாமின் குளிரிலும் காலை நடையைத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே எல்லோரும் நலம். மற்றச் செய்திகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். பேத்தி தவழத் தொடங்கிவிட்டாள் என்றும், அந்தத் தொட்டி சன்னலோரம் தரையில் இருக்கிறது என்றும் நீ எழுதியிருப்பதால், செடியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அது காட்டரளி. மலையாளிகள் ஒதளம் என்பார்கள். அதன் பால் நஞ்சு. கொட்டைக்குள் இருக்கும் பருப்போ இதயத் துடிப்பையே குலைத்துவிடும் அளவுக்குக் கடுமையான நஞ்சு. ஆகையால் மேற்கொண்டு படிப்பதற்கு முன் எழுந்துபோய், தொட்டியைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு வா.

வைத்துவிட்டாயா? இனி நான் எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்கிறேன். கடைச் சீட்டில் ‘பச்சைச் செடி’ என்பதற்கு மேல் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். முதலில் தேங்காயோ என்று நினைத்ததாகவும், இலையைப் பார்த்தபின் மாங்கன்று என்று முடிவு செய்ததாகவும் சொல்லியிருந்தாய். உன் ஐயத்தில் தவறில்லை. மாவிலும் இலைகள் நீண்டு, பளபளத்து, கிளை நுனியில் நெருங்கித்தான் நிற்கும். பக்க நரம்புகளும் இதேபோல் வரிவரியாக ஓடும். ஆனால் மாவிலையைக் கசக்கினால் மாம்பிஞ்சு வாசனை வரும், காம்பின் அடி சற்றே வீங்கியிருக்கும், தளிர் செம்பு நிறத்தில் தொங்கும். உன் படங்களில் தளிர் வெளிர்பச்சையாக நிமிர்ந்து நிற்கிறது. பழுத்த இலையொன்றைப் பிடுங்கியபோது வெள்ளைப் பால் சொட்டித் தரையில் கறை படிந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, எனக்குப் பாதி விடை அந்த வரியிலேயே கிடைத்துவிட்டது. அப்படிப் பால் வடிவது அரளிக் குடும்பத்தின் அடையாளம்.

மீதி விடையைத் தந்தது நான்காவது படம். மண்ணுக்கு மேலே பாதி தெரியும் அந்தக் கொட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மேல்தோலும் சதையும் அழுகிப் போனபின் எஞ்சிய நார்கள், நம்மூரில் ஊறவைத்து அடித்த தேங்காய்க் கதம்பையைப் போல, வெளுத்து, ஒன்றோடொன்று பின்னி, கைப்பிடியளவு கூடாக நிற்கின்றன. அந்தக் கூட்டை ஒரு பக்கமாகப் பிளந்துகொண்டு தண்டு வெளியே வந்திருக்கிறது. பெருங்கொட்டையிலிருந்து வளரும் வேறு தொட்டிச் செடிகளையும் எண்ணிப் பார்த்தேன். வெண்ணெய்ப்பழக் கொட்டை வழவழப்பாக இருக்கும், நார் இருக்காது. ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் பே செஸ்ட்நட் என்றால் இரண்டு பச்சை முட்டைகளைச் சேர்த்து வைத்ததுபோல் விதை பிளந்து நிற்கும். கடலோரத்துச் சமுத்திரப்பழ வகைகளுள் பெரிதான ஒன்றின் காய்க்கும் நார் உண்டு என்றாலும், அது நான்கு பட்டைகள் கொண்ட பெட்டி வடிவில் இருக்கும். இந்த மூன்றும் உன் படத்தோடு பொருந்தவில்லை.

உனக்கு இந்தக் காய் புதிதும் அன்று. கல்லூரியில் படித்தபோது ஆலப்புழைக்குப் போனோமே, காயல் கரையில் பச்சை மாங்காய் என்று நினைத்து ஒன்றை நீ எடுத்ததும், படகோட்டி “அது ஒதளங்ஙா, களஞ்ஞேக்கு” (எறிந்துவிடு) என்று பதறியதும் நினைவிருக்கிறதா? கேரளத்தில் அதைக் காயலோரங்களில் வேலியாகவே நட்டிருப்பார்கள். அன்று நீ தண்ணீரில் வீசிய காய் மூழ்காமல் மிதந்து போனதை நாம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நார்க்கூடுதான் அதற்குத் தெப்பம். கடலில் நெடுந்தொலைவு மிதந்து போய் எங்கோ ஒரு கரையில் முளைக்கும். 1883ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்து அந்தத் தீவு சாம்பலால் மூடப்பட்டபின், 1886இல் மெல்கியோர் டிரூப் என்ற தாவரவியலாளர் அங்கே போய்ப் பார்த்தபோது, கடற்கரையில் முளைத்திருந்த சில செடிகளுள் இதுவும் ஒன்று. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இன்னொரு செய்தியும் உண்டு. மலபாரில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற நாட்டு வைத்தியர்களின் அறிவைக்கொண்டு தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்’ என்ற தாவர நூல் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வெளிவந்தது. அதன் முதல் பாகத்திலேயே இந்த மரத்தின் படம் மலையாளப் பெயரோடு இருக்கிறது. அந்தப் பெயர்தான் இன்றும் அறிவியல் பெயரின் பின்பாதி: செர்பெரா ஒடோல்லம். முன்பாதி, பாதாள வாயிலைக் காக்கும் கிரேக்கக் கதையின் மூன்று தலை நாயைக் குறிப்பது. நஞ்சுக்காக வைத்த பெயர். புத்தகம் அச்சானது ஆம்ஸ்டர்டாமில், உன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில்.

இதே பேரினத்தில் செர்பெரா மாங்காஸ் என்று ஒன்றும் உண்டு. வெள்ளைப் பூவின் நடுவில் மஞ்சள் இருந்தால் ஒடோல்லம், சிவப்பு இருந்தால் மாங்காஸ். தொட்டியில் பூப்பது அரிது. கூடு உருண்டையாகத் தெரிவதால் நான் ஒடோல்லம் என்றே கருதுகிறேன்.

செடியைத் தூக்கி எறிய வேண்டாம். நல்ல வெளிச்சமும் காயாத மண்ணும் அதற்குப் போதும். பனிக்காலத்தில் குளிர்ந்த கண்ணாடியை ஒட்டி வைக்காதே. இலையைக் கிள்ளும்போது கையுறை போட்டுக்கொள், பால் கண்ணில் படக்கூடாது, கொட்டையைப் பிளந்து பார்க்க யாரையும் விடாதே. உதிர்ந்த இலைகளை அன்றன்றே எடுத்துவிடு. சில காய்களில் இரண்டு விதைகள் இருக்கும். தண்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நார் விரிசல் விடுகிறதா என்று பார்த்து எழுது. முடிந்தால் அந்தப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்.

அன்புடன்,
ராஜமணி