ஸ்டென்மார்க் சரயேவோவுக்கு ஏன் வரவில்லை என்று எழுதிவையுங்கள்

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 1984 சரயேவோ குளிர்கால ஒலிம்பிக்கின் முடிவுப் பட்டியலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் பனிச்சறுக்குப் போட்டிகளான ஸ்லாலம், ஜெயன்ட் ஸ்லாலம் இரண்டிலும் சுவீடனின் இங்கமார் ஸ்டென்மார்க் பெயர் இல்லை. பெண்கள் பட்டியலில் லிக்டன்ஸ்டைனின் ஹன்னி வென்செல் பெயரும் இல்லை. 1980இல் அமெரிக்காவின் லேக் பிளாசிடில் நடந்த முந்தைய ஒலிம்பிக்கில் இந்தப் போட்டிகளின் நான்கு தங்கத்தையும் வென்றவர்கள் இவர்கள் இருவர்தான். விவரம் தெரியாதவர்கள், காயம்பட்டிருப்பார்கள் அல்லது ஓய்வு பெற்றிருப்பார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அந்தக் குளிர்காலத்திலும் ஸ்டென்மார்க் உலகக் கோப்பைப் பந்தயங்களில் வென்றுகொண்டுதான் இருந்தார். அவரைத் தடுத்தது ஒரு லைசென்ஸ். விளம்பரப் பணத்தைத் தானே நேரடியாக வாங்கிக்கொள்ள அனுமதிக்கும் 'பி' லைசென்ஸ் அவரிடம் இருந்தது. அதே பணம் நாட்டுச் சங்கத்தின் வழியாக வந்தால் வீரர் அமெச்சூர், அதாவது பணத்துக்காக விளையாடாதவர். நேராகக் கைக்கு வந்தால் ஒலிம்பிக்கில் இடமில்லை. எவ்வளவு யோசித்தாலும் இதில் ஒரு நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

நார்வே எல்லைக்குப் பக்கத்தில், சில நூறு பேர் வாழும் தார்னபி என்ற ஊர்ப்பக்கத்திலிருந்து வந்தவர் அவர். 1974 டிசம்பரில், 18 வயதில், இத்தாலியின் மடோனா டி கம்பிலியோவில் முதல் உலகக் கோப்பை வெற்றி. 1989இல் ஓய்வு பெறும்போது கணக்கு 86 வெற்றி: ஸ்லாலமில் 40, ஜெயன்ட் ஸ்லாலமில் 46. நூறில் ஒரு விநாடியில் வெற்றி கைமாறும் இந்த விளையாட்டில், 1979இல் யாஸ்னாவில் இரண்டாவதாக வந்தவரைவிட 4.06 விநாடி முன்னால் வந்தார். அந்தப் பருவத்தில் 13 பந்தயம் வென்றும் ஒட்டுமொத்தப் பட்டியலில் ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. ஒரே வகைப் போட்டியில் சேர்க்கும் புள்ளிகளுக்கு அப்போது உச்சவரம்பு வைத்திருந்தார்கள்.

அதே 1979 செப்டம்பரில் டவுன்ஹில் (மலையிலிருந்து அதிவேகமாக இறங்கும் போட்டி) பயிற்சியில் விழுந்து தலையில் பலத்த அடி. ஐந்தே மாதத்தில் லேக் பிளாசிட். ஸ்லாலமில் முதல் ஓட்டம் முடிந்தபோது அவர் நான்காவது. இரண்டாவது ஓட்டத்தைப் பாருங்கள்: தோள் அசைவதே இல்லை, முழங்கால்கள் மட்டும் கம்புக்குக் கம்பு மடங்கி நிமிர்கின்றன. அவசரமே தெரியாது. கீழே வந்து சேரும்போது அமெரிக்காவின் ஃபில் மார் அரை விநாடி பின்தங்கிவிட்டார்.

பிறகு நீங்களே விதியைத் தளர்த்தினீர்கள். 1988 கால்கரிக்கு ஸ்டென்மார்க் வந்தார், ஸ்லாலமில் ஐந்தாம் இடம். அப்போது அவருக்கு வயது 31. நடுவில் போன அந்த ஒலிம்பிக் போனதுதான்.

பதக்கம் கேட்டு இதை எழுதவில்லை. சரயேவோவில் வென்ற மாக்ஸ் யூலன், ஃபில் மார், டெபி ஆம்ஸ்ட்ராங், பாவ்லெட்டா மகோனி ஆகியோரின் தங்கம் அவர்களுக்கே உரியது. 1984 பதிவில் இந்த நான்கு போட்டிகளின் கீழே இரண்டு வரி சேருங்கள்: முந்தைய சாம்பியன்கள் இருவரும் பணம் பெற்ற முறைக்காக அனுமதிக்கப்படவில்லை, அந்த விதி பின்னர் தளர்த்தப்பட்டது.

பழைய பதிவைத் திருத்துவது உங்களுக்குப் புதிதல்ல. 1912 ஒலிம்பிக்கில் வென்ற அமெரிக்கத் தடகள வீரர் ஜிம் தோர்ப்பின் பதக்கங்களை அமெச்சூர் விதியைச் சொல்லிப் பறித்தீர்கள். 1983இல் திருப்பிக் கொடுத்தீர்கள். அவர் இறந்து ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பிள்ளைகள்தான் வந்து வாங்கிக்கொண்டார்கள்.

ஸ்டென்மார்க் 1956இல் பிறந்தவர். இந்த இரண்டு வரியை அவர் தன் கண்ணால் படிக்கட்டும்.

இப்படிக்கு,
பனிச்சறுக்கு ரசிகர் ஒருவர்